தள்ளும் வரை ஒட்டும்

இடப்பக்கத்துப் பூஸ்டர் கழன்று விழுந்தது. அது விழ வேண்டிய இடம் நடுவானம். விழுந்த இடமோ பெரிய மைத்துனனின் காப்பிக் கோப்பை.

"ஐயையோ!" என்று அலறினார் கண்ணாடிக்காரர்.

"பரவால்ல மாமா, பாதி குடிச்சாச்சு," என்றான் பெரியவன்.

"உன் காப்பிக்கா நான் அலறுனேன்? அது அட்டைக் குழாய், மாப்ளே! ஊறிப்போச்சுன்னா உருப்படாது!"

பெரியவன் இரண்டு விரலால் பூஸ்டரைத் தூக்கினான். முகத்தைச் சுளித்து அதை முகர்ந்து பார்த்தான்.

"மாமா, இதுக்குள்ள மருந்து இருக்கா?"

"இல்லடா. வெறும் குழாய்."

"அப்போ சரி," என்று நீண்ட பெருமூச்சு விட்டு, மீதிக் காப்பியைக் குடித்து முடித்தான். இவனுக்குத் தன் வயிற்றைப் பற்றித்தான் கவலை என்று கண்ணாடிக்காரர் மனத்துக்குள் கசந்துகொண்டார்.

கண்ணாடிக்காரர் என்பது ஊர் இட்ட பெயர். கடைத்தெருவில் மூக்குக்கண்ணாடிக் கடை வைத்திருந்தார். எட்ட நிற்கும் பலகை தெரியாதவர்க்கு எட்டத்தையும், கையில் உள்ள எழுத்து தெரியாதவர்க்குக் கிட்டத்தையும் அருளும் புண்ணியத் தொழில் அது. வார நாட்களில் ஊராரின் கண்ணைத் திறப்பார். ஞாயிற்றுக்கிழமைகளில் வாயைப் பிளக்க வைப்பார். அவர் விடும் மாதிரி ராக்கெட்டுகள் அத்தகையவை.

இவ்வாண்டு அவர் எடுத்துக்கொண்ட பணி, அவர் சார்ந்த மாதிரி ராக்கெட் சங்கத்தில் எவரும் கை வைக்காதது. நடுவில் இடுப்புயர ராக்கெட் ஒன்று; அதன் இருமருங்கிலும் முழங்கை நீளத்தில் பூஸ்டர் எனும் இரு துணைக் குழாய்கள். மூன்றும் ஒருசேரச் சீறி எழ வேண்டும். துணைக் குழாய்களின் மருந்து முதலில் எரிந்து தீரும். தீர்ந்த கணமே அவையிரண்டும், வந்த காரியம் முடித்துக்கொண்ட நல்விருந்தினர் போல, ஓசையின்றி விலகிக் குட்டிப் பாராசூட்டில் இறங்க வேண்டும். நடு ராக்கெட் தனியே விண்ணேற வேண்டும்.

'விருந்தினர்' என்ற உவமை நெஞ்சில் எழும்போதெல்லாம் அவர் பார்வை மைத்துனர்கள்மேல் சென்று முட்டியது.

அவர் மனைவி வங்கி அதிகாரி. தலைமை அலுவலகத்துப் பயிற்சிக்கென்று வெளியூர் போயிருந்தார். அவர் ஏறிய ரயில் அடுத்த நிலையத்தைத் தொட்டிருக்காது. தம்பிமார் இருவரும் ஆளுக்கொரு பெட்டியோடு வாசலில் நின்றார்கள். "ரெண்டு நாள் இருந்துட்டுப் போலாம்னு வந்தோம் மாமா." அந்த இரண்டு நாளும் இறைவனுடைய கணக்கில் எண்ணப்படுபவை போலும், மாதம் முடியப் போகிறது, நாள் முடியவில்லை.

பெரியவன் நீச்சல்குளத்தில் பயிற்சியாளன். அவன் வந்த நாள்முதல் வீடெங்கும் வாளிகள். கூடத்தில் ஒன்று, அடுப்படி வாசலில் ஒன்று, ராக்கெட் வேலை நடக்கும் அறையில் மேசையடியில் ஒன்று. எல்லாம் தளும்பத் தளும்ப. கேட்டால், "பக்கத்துல தண்ணி இல்லன்னா எனக்கு மூச்சு முட்டும் மாமா," என்பான்.

சின்னவன் சரக்குக் கிடங்கில் காவலாளி. வேலையறையின் வாசலில் நாற்காலியைப் போட்டுச் சாய்ந்தானென்றால் பகலெல்லாம் அதே கோலம். "வாசல்ல உக்காந்தாத்தான் எனக்குத் தூக்கமே வருது மாமா."

தண்ணீர் இல்லாமல் ஒருவன் வாழான், வாசல் இல்லாமல் மற்றவன் வாழான். தொழில் யாரை விட்டது என்று கண்ணாடிக்காரர் முதலில் இரங்கினார். இரக்கம் முதல் வாரத்தோடு தீர்ந்தது.

தீராதது கவலை. சென்ற ஆண்டு சங்க விழாவில் அவருடைய ராக்கெட் மேலே போவதற்குப் பதில் குறுக்கே போய், சங்கத் தலைவர் அமர்ந்திருந்த கூடாரத்தில் ஒரு வாசல் திறந்து மறு வாசல் வழியே வெளியேறியிருந்தது. அதற்கு முன்பு வீட்டில் அடுப்படித் திரைச்சீலை ஒன்று கருகிய நிகழ்ச்சியும் உண்டு. அதை அவர் நிகழ்ச்சியாகவே கருதவில்லை. ஆனால் தலைவர் கூடாரத்தை மறக்கவில்லை. தலைவர் ஒரு பல் மருத்துவர். வேரோடு பிடுங்குவதில் தேர்ந்தவர்.

"இந்த வருஷ விழாவுல ரெண்டு பூஸ்டரையும் வானத்துல கழட்டிக் காட்டுங்க, நீங்கதான் அடுத்த செயலாளர். காட்டலையா, உங்களையே கழட்டி விட்டுடுவோம். வலிக்காது," என்று எல்லார் முன்னிலும் சொல்லிவிட்டார்.

பதினெட்டு வயதில் சேர்ந்த சங்கம். அதை விட்டால் கண்ணாடிக்காரருக்கு ஞாயிற்றுக்கிழமை என்று ஒன்று இல்லை.

ஆகவே, காப்பியில் குளித்த பூஸ்டரைத் துடைத்து உலர்த்திவிட்டு அவர் சிந்தித்தார். ராக்கெட்டின் உடலில் ஒரு வளையம். பூஸ்டரின் தோளில் ஒரு முளை. முளை வளையத்தில் செருகி நிற்கும். முளை தளர்ந்திருந்தால் மேசையிலேயே விழுகிறது. இறுக்க வேண்டும். கண்ணாடிச் சட்டத்தின் காது மடங்கும் இடத்தில் வைக்கும் கடுகளவு ஸ்பிரிங்கை எடுத்து, வளையத்துக்குள் பொருத்தினார். முளை 'டிக்' என்று போய் உட்கார்ந்தது. அந்த ஓசை அவர் செவிக்குத் தேன்.

ஞாயிறன்று ஊர்ப்புறத்துத் திடலில் சோதனை. ராக்கெட் எழுந்தது. பூஸ்டர்கள் எரிந்து தீர்ந்தன. கழலவில்லை. பிரியேன் பிரியேன் என்று இருபுறமும் கட்டிக்கொண்டு, நடு ராக்கெட்டையும் இழுத்துக்கொண்டு, மூன்றும் ஒரே உடலாகத் தலைகீழாய் இறங்கின. இறங்கிய இடம் பல் மருத்துவரின் காருடைய முன்மூடி.



"இது கழட்டி விடுற பூஸ்டரா, கட்டிக்கிட்ட பூஸ்டரா?" என்றார் தலைவர், காரின் பள்ளத்தில் விரல் விட்டுப் பார்த்தவாறு. பல் குழியைப் பார்க்கும் அதே முகம்.

அதிகம் இறுகிவிட்டது, அவ்வளவுதானே? கண்ணாடிக்காரர் ஸ்பிரிங்குக்கு எண்ணெய் விட்டார். அடுத்த ஞாயிறன்று வலப்பக்கம் அழகாகக் கழன்றது. இடப்பக்கம் கழலவில்லை. ஒருபுறம் மட்டும் பாரம் சுமந்த ராக்கெட், ஒற்றைத் துடுப்புப் படகு போல வட்டமிட்டது, வட்டம் தாழ்ந்தது, தாழ்ந்து சங்க உறுப்பினர்களை ஒருவர் பின் ஒருவராகத் துரத்தத் தொடங்கியது.

"ஓடுங்க! ஓடுங்க!"

எல்லாரும் ராக்கெட்டை விட்டு ஓட, இருவர் மட்டும் ராக்கெட்டை நோக்கி ஓடினார்கள். மைத்துனர்கள். ஆளுக்கொரு ஈரச் சாக்கு கையில். விழுந்த ராக்கெட்டின்மேல் அதைப் போர்த்தி, சின்னவன் அதன்மேலேயே படுத்துக்கொண்டான்.

கண்ணாடிக்காரர் மூச்சிரைக்க வந்து சேர்ந்தார். "எழுந்திருடா! நசுங்கிடும்! ஈரச் சாக்கை எதுக்குடா தூக்கிட்டு வந்தீங்க?"

"வெயிலா இருக்கே மாமா," என்றான் சின்னவன் எழாமலே. "மேல போட்டுக்கலாம்னு."

"கோமாளிங்களா! சங்கமே சிரிக்குது!"

சங்கம் சிரிக்கவில்லை, சிரிக்கும் அளவுக்கு இன்னும் அதற்கு மூச்சு திரும்பவில்லை. தலைவர் மட்டும் ஒரு புதருக்குப் பின்னாலிருந்து கையை உயர்த்தி, "அடுத்த ஞாயிறு விழா! ஞாபகம் இருக்கட்டும்!" என்றார்.

ஒரு வாரம். அவருக்குப் புதிய யோசனை ஒன்று உதித்தது. இரு பூஸ்டர்களையும் ஒரே நூலால் பிணைத்துவிட்டால்? மருந்து தீரும் தறுவாயில் வரும் சுடர் நூலை எரிக்கும். நூல் அறுந்தால் இரண்டும் ஒரே நேரத்தில் விடுபடும். நூல் எரிய எவ்வளவு நேரமாகும் என்று மட்டும் தெரிய வேண்டும். தீப்பெட்டியைத் தேடினார். அடுப்படியில் இல்லை. அலமாரியில் இல்லை. விளக்கடியில் இல்லை.

"மாப்ளே, வீட்டுல தீப்பெட்டி எங்கடா?"

பெரியவன் தரையைப் பார்த்தான். "சிகரெட்டை விட்டுடலாம்னு இருக்கேன் மாமா. தீப்பெட்டி கண்ணுல பட்டா மனசு அலையுது. அதான் எல்லாத்தையும் பக்கத்து வீட்டுல குடுத்துட்டேன்."

"நீ எப்படா சிகரெட்டைத் தொட்ட?"

"அதான் மாமா, அதுக்கு முன்னாடியே விட்டுட்டா நல்லதுன்னு."

இந்தத் தருக்கத்தை அங்கேயே விட்டுவிட்டுக் கண்ணாடிக்காரர் கிளம்பினார். கடைக்குப் போய் மேசை இழுப்பறையைத் துழாவி, நசுங்கிய தீப்பெட்டி ஒன்றை எடுத்து வந்தார். வேலையறைக்குள் புகுந்து, நூலை இழுத்துக் கட்டி, குச்சியை உரசினார்.

சுடர் எழுந்தது. அடுத்த கணம் ஊழிவெள்ளம்.

கண்ணைத் துடைத்துக்கொண்டு பார்த்தார். தலைமுதல் கால்வரை நனைந்திருந்தார். மேசையில் ராக்கெட் நனைந்து நின்றது. எதிரே பெரியவன் வெறும் வாளியோடு நின்றான்.

"கால் தடுக்கிடுச்சு மாமா."

"வாளியோட நீ இங்க என்னடா பண்ற?"

"குளிக்கப் போனேன்."

"காலையிலதானே குளிச்ச!"

"வேர்க்குதே மாமா."

அட்டைக் குழாய்கள் மூன்றும் உப்பி, ஊறிய ரொட்டி போலத் தோல் உரிந்தன. விழாவுக்குச் சில நாட்களே. எல்லாவற்றையும் முதலிலிருந்து செய்ய வேண்டும். கண்ணாடிக்காரர் ஈரச் சட்டையோடு ஓர் உறுதி பூண்டார்: முதலில் கழல வேண்டியவை பூஸ்டர்கள் அல்ல.

சாப்பிடும்போது குறிப்பாகச் சொல்லிப் பார்த்தார். "உங்க வேலையெல்லாம் அங்க என்ன ஆச்சோ, பாவம்."

"லீவு போட்டிருக்கோம் மாமா. நீங்க எங்களை நெனச்சுக் கவலைப்படாதீங்க," என்று சின்னவன் அவருக்கே இன்னொரு கரண்டி பரிமாறினான்.

பொய் சொல்லிப் பார்த்தார். "நீங்க படுக்குற அறைக்கு நாளைக்கு என் சிநேகிதர் வர்றார். இடம் இருக்காது."

"அதனால என்ன மாமா?" என்று இருவரும் பாயைச் சுருட்டிக்கொண்டு வந்து வேலையறைக்குள்ளேயே விரித்துவிட்டார்கள். அதுவரை வாசலில் ஒருவன்தான். இப்போது உள்ளேயும் ஒருவன்.

மூட்டைப்பூச்சி என்று பயமுறுத்தினார். பெரியவன் மகிழ்ச்சியோடு அறையையே தண்ணீர் விட்டுக் கழுவினான்.

கடைசியில் மனைவியை அழைத்தார். "உன் தம்பிங்களைக் கொஞ்சம் கிளம்பச் சொல்லும்மா. என் வேலை நடக்க மாட்டேங்குது."

"ஏங்க, நான் சொன்னா கேக்குற பிள்ளைங்களா அவங்க?" என்று மறுமுனையில் அலுத்துக்கொண்டார் மனைவி. "சின்ன வயசுலேர்ந்து எங்கயாவது ஒட்டிக்கிட்டா ஒட்டிக்கிட்டதுதான். பேசாம விட்டுடுங்க. ராக்கெட் எந்த அளவுல இருக்கு? வாசனை எதுவும் வருதா?"

"என்ன வாசனை?"

"சும்மா கேட்டேன்."

தன் பக்கம் நிற்க வீட்டில் ஓர் உயிரும் இல்லை என்ற தனிமையோடு அவர் வேலையறைக்குத் திரும்பினார். அன்று நண்பகல். புதுக் குழாய்களை ஒட்டி முடித்து, பசை உலரும் வரை வெளியே போகலாமென்று கதவைத் தள்ளினார். திறக்கவில்லை. வெளியே சின்னவன் நாற்காலியைச் சாய்த்து உறங்கிக்கொண்டிருந்தான். நாற்காலியின் முதுகு கைப்பிடியின் அடியில் செருகியிருந்தது.

"டேய்!"

குறட்டைதான் விடை. தோள் கொடுத்துத் தள்ளினார். தள்ளத் தள்ள நாற்காலி இறுகியது. கால் ஊன்றித் தள்ளினார். கதவு கற்சுவரானது. சீ என்று வெறுத்துக் கையை எடுத்தார்.

எடுத்த மாத்திரத்தில் நாற்காலி தானே நழுவியது. சின்னவன் தொப்பென்று தரையில் கிடந்தான். கதவு மெல்லத் திறந்தது.

கண்ணாடிக்காரர் அதிர்ந்து நின்றார். கீழே கிடந்தவனை அவர் பார்க்கவில்லை. தள்ளினால் இறுகுகிறது, விட்டால் நழுவுகிறது!

ஸ்பிரிங் எதற்கு? எண்ணெய் எதற்கு? நூல்தான் எதற்கு? சற்றே சாய்ந்த வெறும் முளை ஒன்று போதுமே! பூஸ்டர் எரியும்வரை மேல்நோக்கித் தள்ளும். தள்ளும்வரை முளை வளையத்தில் இறுகி நிற்கும். மருந்து தீர்ந்து தள்ளல் நின்றதும், எதிர்க்காற்று பூஸ்டரைக் கீழே இழுக்கும். முளை தானாக நழுவி வெளியேறும். ஒட்டி வைப்பதற்கும் பிரித்து வைப்பதற்கும் ஒரே பொருள். இத்தனை நாளும் இயற்கையின் கையைப் பிடித்துக்கொண்டு அதற்கு நடக்கக் கற்றுக் கொடுத்திருக்கிறாரே!

"அடிபட்டுடுச்சா மாப்ளே?" என்று சின்னவனைக் கட்டித் தூக்கினார். அவன் மிரண்டான். அவன் வந்த நாள்முதல் மாமா அவனிடம் சொன்ன முதல் அன்புச் சொல் அது.

இயற்கையின் விதி அட்டைக் குழாய்க்கு ஒன்று, மைத்துனர்க்கு ஒன்றா? இத்தனை நாளும் தள்ளினார், இவர்கள் இறுகினார்கள். அன்று மாலையே இருவரையும் எதிரே உட்கார வைத்தார்.

"மாப்ளைங்களா, இனிமே உங்களைப் போகச் சொல்ல மாட்டேன். இது உங்க வீடு. ஒரு வருஷம்னாலும் இருங்க."

இருவர் முகமும் வெளுத்தது. "ஒரு வருஷமா?" என்றான் பெரியவன். சின்னவன் தண்ணீர் கேட்டான். கைக்கெட்டும் தூரத்திலேயே வாளி இருந்தது.

'வேலை செய்கிறது!' என்று கண்ணாடிக்காரர் உள்ளுக்குள் கூத்தாடினார்.

விழா நாள் வந்தது. சங்கத்தார் அனைவரும் பாதுகாப்பான தூரம் என்று தாம் நினைத்ததற்கும் இருமடங்கு தூரத்தில் நின்றார்கள். தலைவர் தலையில் கவசம் அணிந்திருந்தார். கண்ணாடிக்காரர் தம் குலதெய்வத்தையும் மற்ற தெய்வங்களையும், பிணக்கு வராதபடி, பொதுவாகக் கூப்பிட்டுவிட்டு விசையை அழுத்தினார்.

மூன்று நாவால் சீறி எழுந்தது ராக்கெட். நேராக! நூல் பிடித்தாற்போல் நேராக! ஒரு கணம் புகை நின்றது. மறுகணம், மலரினின்று இரண்டு இதழ் உதிர்வதுபோல, இருபுறத்துப் பூஸ்டர்களும் ஒருசேர விலகின. குட்டிப் பாராசூட்டுகள் விரிந்தன. நடு ராக்கெட் மட்டும் தனியே ஏறி, ஏறி, ஒரு புள்ளியாய், பிறகு புள்ளியும் இல்லாததாய்க் கரைந்தது.

ஊரார் வாய்க்குள் பார்த்தே பிழைத்த தலைவர், அன்று ஊரார் பார்க்கத் தம் வாயைத் திறந்தபடி நின்றார்.

"செயலாளரே!" என்று அவர் கூவியபோது கண்ணாடிக்காரருடைய இரு கண்ணாடிகளும் நனைந்திருந்தன.

வீடு திரும்பியதும் அடுத்த அதிசயம். யாரும் சொல்லாமலே மைத்துனர்கள் பெட்டியைக் கட்டிக்கொண்டிருந்தார்கள்.

"கிளம்புறோம் மாமா," என்றான் பெரியவன்.

"அதுக்குள்ளயா?" என்று கேட்ட கண்ணாடிக்காரரின் குரலில் வருத்தம் இருந்தது, அது நடிப்பு அன்று என்பது அவருக்கே வியப்பாயிருந்தது. இருவரையும் மார்போடு அணைத்துக்கொண்டார்.

"வாளி மட்டும் இருக்குற எடத்துலயே இருக்கட்டும் மாமா," என்றான் பெரியவன். நினைவுப் பொருளாக எதை எதையோ விட்டுச் செல்கிறவர்கள் உண்டு. இவன் வாளியை விட்டுச் செல்கிறான் என்று மாமன் நெஞ்சு நெகிழ்ந்தது.

வாசலில் வாடகைக் கார் வந்து நின்றது. மைத்துனர்கள் உள்ளே கடைசிப் பையைத் தேட, ஓட்டுநர் பெட்டிகளை ஏற்றினார். வெற்றியைத் தனியே சுமக்க முடியாமல் கண்ணாடிக்காரர் அவரிடம் நெருங்கினார்.

"தம்பி, ஒரு தத்துவம் சொல்றேன் கேளுங்க. ஒட்டிக்கிட்டு இருக்குறதைத் தள்ளக் கூடாது. தள்ளத் தள்ள இறுகும். தள்றதை நிறுத்துங்க, தானா கழண்டு போயிடும். ராக்கெட்டும் அப்படித்தான், உறவும் அப்படித்தான். நான் இந்த வாரம்தான் தள்றதை நிறுத்துனேன். இன்னைக்குப் பாருங்க, ரெண்டும் ஒண்ணாக் கழண்டுருச்சு!"

ஓட்டுநர் பெட்டி மூடியை அழுத்திச் சாத்தினார். அவரை ஏற இறங்க ஒருமுறை பார்த்தார்.

"அதெல்லாம் எனக்குத் தெரியாது சார், இவங்க லீவு முடிஞ்சிடுச்சாம், இவங்களை ஸ்டேஷன்ல விட்டுட்டு அங்கயே தீயணைப்புல ரிட்டயர் ஆன உங்க சகலையை ஏத்திட்டு வரணுமாம், உங்க வீட்டம்மா பயிற்சி முடிஞ்சு வர்ற வரைக்கும் நீங்க வீட்டைக் கொளுத்திடாம பாத்துக்க அடுத்த காவல் முறை அவருதானாம்."